கட்டுப்பாட்டுக் கையில் என் மகனின் முன்பல்

“உங்கள் குழந்தை கட்டுப்பாட்டுக் கையில் வைக்கப்படலாம்.” பல் ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சிக்குச் சம்மதம் கேட்டுக் கொடுத்த பதினோரு பக்கப் படிவத்தில் நாலாவது பக்கத்தில் இப்படி ஒரு வரி. தாலுகா ஆபீஸ் வாசலில் ஜெராக்ஸ் கடை போட்டு 17 வருஷம் ஆகிறது. பட்டா மாற்றம், வாரிசுச் சான்று, முதியோர் பென்ஷன் என்று நான் பார்க்காத படிவம் இல்லை, அடுத்தவருக்குப் பூர்த்தி செய்து கொடுக்காத படிவமும் இல்லை. இந்த வரி மட்டும் விளங்கவில்லை. யாருடைய கை, அதற்கு என்ன கட்டுப்பாடு?

கேட்டதும் படிவத்தைக் கொடுத்த பி.ஜி. டாக்டர் பெண், அதாவது அங்கே மேல்படிப்புப் படிக்கிறவர், சிரித்துவிட்டார். ஆராய்ச்சியில் ஒவ்வொரு குழுவையும் ஆங்கிலத்தில் ‘ஆர்ம்’ என்பார்களாம். அதை யாரோ அகராதி பார்த்துக் ‘கை’ ஆக்கியிருக்கிறார்கள். ‘கட்டுப்பாடு’ என்பது புதுச் சிகிச்சை கொடுக்காமல், ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கிற குழுவாம். “இது வரைக்கும் யாருமே கேக்கலை சார்” என்றார். எனக்கு அதுதான் கவலையாக இருந்தது. எனக்கு முன்னால் கையெழுத்துப் போட்டவர்கள் எல்லாம் என்ன புரிந்துகொண்டு போட்டார்கள்?

இது சென்னைக்கு வெளியே உள்ள ஒரு பல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியைப் பற்றிய விமர்சனம். ஹோட்டலுக்கு எழுதுவது போல இதற்கும் எழுதலாமா என்று யோசித்தேன். எழுதலாம் என்றுதான் படுகிறது. இங்கேயும் நேரம் செலவழித்திருக்கிறேன், பிள்ளையை நம்பி ஒப்படைத்திருக்கிறேன். பெயர் மட்டும் போடப் போவதில்லை. பாராட்ட வேண்டியதும் குறை சொல்ல வேண்டியதும் படித்துக்கொண்டிருக்கிற பிள்ளைகள் செய்த வேலையைப் பற்றியது. என் கோபம் அவர்கள் மார்க்கில் போய் விழ வேண்டாம்.

பல்லின் கதை சுருக்கம். 2022 தீபாவளி விடுமுறைக்கு முந்தின வாரம் பையன் பள்ளிக்கூடப் படியில் விழுந்தான். எட்டு வயது. மேல் முன்பல் ஒன்றில் முனை உடைந்தது. ரத்தம் நின்றது, வலி போனது, நாங்களும் மறந்தோம். அது எங்கள் தப்பு, யார் மேலும் போட முடியாது. 2023 ஆகஸ்டில் அந்தப் பல்லுக்கு மேலே ஈறில் கடுகளவு கொப்புளம். அமுக்கினால் சீழ். இரண்டு நாளில் அடங்கும், மறுபடி வரும். என் மனைவி சூடு என்று சீரகத் தண்ணீர் கொடுத்துப் பார்த்தாள்.

உள்ளூர்ப் பல் டாக்டர் எக்ஸ்ரே எடுத்துவிட்டு நேர்மையாகச் சொன்னார்: “இது எனக்கு மேல. வேர் இன்னும் மூடலை.” முன்பல் ஏழெட்டு வயதில் முளைத்தாலும் அதன் வேர் நுனி மூட இன்னும் மூன்று வருஷம் போல ஆகுமாம். அதற்குள் உள்ளே இருக்கிற ஜீவன், அதாவது பல்லுக்குள் இருக்கிற உயிருள்ள சதை, செத்துப்போனால் வேர் வளர்வது அந்த இடத்திலேயே நின்றுவிடும். நுனி திறந்த குழாய் மாதிரி, சுவரெல்லாம் மெலிசாக. பெரியவர்களுக்குச் செய்வது போல ரூட் கெனால் செய்தால் அடைக்கிற மருந்துக்கு அடியில் பிடிமானம் இல்லை. எலும்புக்குள் வழிந்துவிடும். எழுதிக் கொடுத்த சீட்டோடு அந்தக் கல்லூரிக்குப் போனோம்.

அங்கே ஓ.பி. சீட்டு வாங்கவே ஒன்றே கால் மணி நேரம். இரண்டு கவுண்டர், ஒன்றில் ஆள் இல்லை. இதை நீட்ட வேண்டாம், எல்லா ஆஸ்பத்திரியும் இப்படித்தான்.

மேல் மாடியில் வேர் சிகிச்சைப் பிரிவு. பெரிய கூடம், வரிசையாக நாற்காலிகள், பச்சைத் துணி, வாக்குவம் உறிஞ்சுகிற சத்தம். அங்கேதான் அந்த பி.ஜி. டாக்டரைப் பார்த்தோம். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து வேர் நுனியைச் சுற்றி இருந்த கறுப்பு நிழலைக் காட்டினார். கிருமி வேருக்குள் குடியிருக்கிறது, அதன் கழிவு வெளியே கசிந்து எலும்பைக் கரைக்கிறது, அந்தப் பள்ளம்தான் இந்தக் கறுப்பு என்றார். பையனிடம் தனியாகக் குனிந்து, “தம்பி, இது வலிக்குதா?” என்று கேட்டார். அவன் இல்லை என்றான். “அதான் பிரச்சினை” என்று என்னைப் பார்த்தார்.

எங்கள் ஆயா பல்வலி என்றால் கண்டங்கத்திரி விதையை நெருப்பில் போட்டுக் கொட்டாங்கச்சியைக் கவிழ்த்து அந்தப் புகையை வாயில் பிடிக்கச் சொல்லும். பல்லில் இருக்கிற பூச்சி செத்து விழும் என்பது அதன் கணக்கு. இதை நான் சொன்னபோது அந்த டாக்டர் சிரிக்கவில்லை. பதிலுக்கு எலிக் கதை ஒன்று சொன்னார். 1965-இல் அமெரிக்காவில் ககேஹாஷி என்பவரும் கூட இரண்டு பேரும் செய்த சோதனை. கிருமியே இல்லாத கூண்டில் பிறந்து வளர்ந்த எலிகளுக்கும் சாதாரண எலிகளுக்கும் பல்லில் துளை போட்டு உள்ளிருக்கும் சதையைத் திறந்து விட்டார்கள். தின்கிற தீனியெல்லாம் அதில் போய் அடைத்தது. சாதாரண எலிகளுக்குச் சதை அழுகிச் சீழ் பிடித்தது. கிருமியில்லாத எலிகளுக்கோ தீனி அடைத்திருந்தும் உள்ளே சதை உயிரோடு இருந்தது, துளைக்குக் குறுக்கே புதுசாகப் பல் படலமே கட்டியது. “உங்க ஆயா பூச்சின்னு சொன்னது பாதி சரி சார். கண்ணுக்குத் தெரியாத பூச்சி” என்றார். ஓ.பி. கூட்டத்துக்கு நடுவில் ஒரு ஜெராக்ஸ் கடைக்காரனுக்கு எலிக் கதை சொல்ல நேரம் எடுத்துக்கொண்ட டாக்டரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இந்த விமர்சனத்தில் நான் கொடுக்கிற மார்க்கில் பாதி அந்தப் பத்து நிமிஷத்துக்கு.

பிறகு வழிகளைச் சொன்னார். ஒன்று, பழைய முறை: கால்சியம் ஹைட்ராக்சைடு மருந்தை உள்ளே வைத்து வைத்து மாற்றி, நுனியில் ஒரு தடுப்பு உண்டாகும் வரை காத்திருப்பது. மாதக்கணக்கில் ஆகும், ஒரு வருஷத்தைத் தாண்டவும் கூடும். ரொம்ப நாள் அந்த மருந்து உள்ளே கிடந்தால் பல் உடைகிற தன்மை கூடும் என்கிறார்கள். இரண்டு, எம்.டி.ஏ. என்கிற சிமெண்டை நுனியில் அடைத்து அதற்கு மேல் வழக்கமான ரூட் கெனால். இரண்டு வருகையில் முடியும். ஆனால் வேர் வளராது, மெலிந்த சுவர் மெலிந்தபடியே இருக்கும். மூன்றாவது, வேரை மறுபடி வளர வைக்கப் பார்ப்பது. உள்ளே கிருமியைக் கொன்றுவிட்டு, வேர் நுனிக்கு வெளியே இருக்கிற திசுவை ஊசியால் குத்தி ரத்தம் வரவழைத்து, அந்த ரத்தம் வேருக்குள் உறைந்ததும் மேலே மூடிவிடுவது. உறைந்த ரத்தத்தைப் பந்தலாகப் பிடித்துக்கொண்டு புதுத் திசு உள்ளே ஏறி வரும் என்பது எதிர்பார்ப்பு.

இந்த எண்ணம் புதுசு இல்லையாம். 1961-இலேயே நார்வேயில் நிகார்ட்-ஓஸ்ட்பி என்பவர் ரத்த உறைவை வேருக்குள் விட்டுப் பார்த்திருக்கிறார். 2001-இல் ஜப்பானில் ஒரு பிள்ளைக்கும், 2004-இல் அமெரிக்காவிலிருந்து பாங்ஸ், ட்ரோப் என்ற இருவர் எழுதிய இன்னொரு பிள்ளைக்கும் சரியாக வந்த பிறகுதான் ஊரெல்லாம் செய்ய ஆரம்பித்தார்கள். இந்தக் கல்லூரியில் நடத்துகிற ஆய்வின் கேள்வி இதுதான்: வெறும் ரத்த உறைவு போதுமா, அல்லது பிள்ளையின் கையிலிருந்தே ரத்தம் எடுத்து, சுழற்றி, அதில் வருகிற பி.ஆர்.எஃப். என்ற ஜெல்லியை வைத்தால் இன்னும் நன்றாக வளருமா?

“எது நல்லது?” என்றேன்.

“தெரியாது சார்.”

“இல்லைம்மா, உங்க அபிப்பிராயத்துல?”

“அபிப்பிராயத்துலயும் தெரியாது. தெரிஞ்சிருந்தா ஆராய்ச்சி பண்ணக் கூடாது. நல்லதை ஒருத்தருக்குக் கொடுத்துட்டு இன்னொருத்தருக்குக் கொடுக்காம இருக்க முடியாதுல்ல?”

கூடவே இன்னொன்றும் சொன்னார். உள்ளே வளர்ந்து வருவது பழைய ஜீவன் இல்லையாம். இப்படிச் சிகிச்சை செய்த சில பற்களைப் பின்னால் எடுக்க நேர்ந்து, அறுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது உள்ளே எலும்பு மாதிரியும் வேரின் வெளிப்பூச்சு மாதிரியுமான திசுதான் இருந்திருக்கிறது. “ஒட்டுப்போட்ட சட்டைன்னு வச்சுக்கங்க. போட்டுக்கலாம். புதுச் சட்டை இல்லை.” தனியார் கிளினிக் வாசல்களில் ‘ஸ்டெம் செல் மூலம் பல்லுக்கு மறுவாழ்வு’ என்று பேனர் பார்த்திருக்கிறேன். அந்த பேனர்களில் சில என் கடையில்தான் பிரிண்ட் ஆயின.

படிவத்தை நான் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்க வேண்டும் என்றேன். தடை சொல்லவில்லை. இதை எழுதக் காரணம் இருக்கிறது. அன்று வரிசையில் எனக்கு முன்னால் இருந்த தாத்தாவிடம் வேறொரு பையன், வேறொரு ஆய்வு போல, “இங்க ஒரு கையெழுத்து தாத்தா, ட்ரீட்மெண்ட் ஃப்ரீ” என்று கடைசிப் பக்கத்தை மட்டும் திருப்பிக் காட்டினான். ஒரே கூடம், ஒரே பச்சைத் துணி. எந்த நாற்காலியில் உட்காருகிறோம் என்பது அதிர்ஷ்டம்.

வீட்டில் இரண்டு ராத்திரி படித்தேன். எழுத்து எட்டு பாயிண்ட்டுக்கு மேல் இருக்காது. ‘இரத்த உறைவு’ ஆபத்து என்று செய்தியில் படித்தே பழகிய மனைவி, அதைச் சிகிச்சை என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பயந்துபோனாள். ஆனால் விஷயம் முழுக்க இருந்தது. வேறு என்ன சிகிச்சை உண்டு, சேராவிட்டாலும் அது இங்கேயே கிடைக்கும், நடுவில் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், ஆய்வால் தீங்கு வந்தால் அதன் வைத்தியச் செலவு அவர்களுடையது, பல் நிறம் மாறக்கூடும், சரிவராவிட்டால் எம்.டி.ஏ. முறைக்கு மாற்றுவோம். கடைசிப் பக்கத்தில் இரண்டு போன் நம்பர். ஒன்று டாக்டருடையது, இன்னொன்று நெறிமுறைக் குழுவுடையது. நெறிமுறைக் குழு என்றால் ஆராய்ச்சியை நடத்துபவரைக் கேள்வி கேட்கிற குழு. இந்த இரண்டாவது நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

முதல் பக்கத்தின் மேல் மூலையில் சி.டி.ஆர்.ஐ. என்று ஆரம்பிக்கிற எண். இந்தியாவில் நடக்கிற மருத்துவச் சோதனைகளைப் பதிவு செய்கிற பட்டியல் அது. ஐ.சி.எம்.ஆர். என்கிற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் கீழ் டெல்லியில் இருக்கிற நிறுவனம் நடத்துகிறது, 2007-இல் ஆரம்பித்தது. யார் வேண்டுமானாலும் இணையத்தில் போய்ப் பார்க்கலாம், காசு இல்லை. நான் கடை கம்ப்யூட்டரில் தேடினேன். வந்தது. தலைப்பு, எத்தனை பிள்ளைகள், எதை அளப்பார்கள், எத்தனை மாதம் என்று எல்லாம் இருந்தது. 2018 ஏப்ரலிலிருந்து, முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்னாலேயே பதிந்தாக வேண்டும். ஏன் என்று யோசித்தால் புரியும். டெண்டர் திறந்த பிறகு தொகையை எழுத விட்டால் என்ன ஆகும்? அதுதான். எதை அளக்கப் போகிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் பிற்பாடு நன்றாக வந்ததை மட்டும் பொறுக்கிக் காட்ட முடியாது. தேதியைச் சரிபார்த்தேன், ஒழுங்காக இருந்தது. மறுவாரம் கையெழுத்துப் போட்டேன். ஒன்பது வயதுப் பையனிடமும் வாய்மொழியாகச் சம்மதம் கேட்டார்கள். 7 வயதிலிருந்து 12 வரை அப்படிக் கேட்க வேண்டும் என்பது விதியாம். “ஊசி எத்தனை?” என்று அவன் கேட்டான். அதற்கும் பதில் சொன்ன பிறகுதான் சரி என்றான்.

செப்டம்பர் 2023, முதல் வேலை. ரப்பர் டேமை மாட்டி, “பல்லுக்கு ரெயின்கோட்” என்றார். வாய் முழுக்க நீல ரப்பர் விரிப்பு, நடுவில் அந்த ஒரு பல் மட்டும் எட்டிப் பார்க்கிறது. உள்ளே ஹைப்போகுளோரைட் விட்டுக் கழுவினார். நம் வீட்டு ப்ளீச்சிங் தண்ணீரின் தம்பி. வாசனையும் அதேதான், தண்ணீர்த் தொட்டி கழுவின நாள் மாதிரி. பெரியவர்களுக்கு இன்னும் வீரியமாக விடுவார்களாம். இங்கே 1.5 சதவீதம்தான், ஏனென்றால் நுனிக்கு வெளியே இருக்கிற வளரும் செல்களையும் அது கொன்றுவிடும். அரம் வைத்துச் சுரண்டவும் இல்லை, சுவர் ஏற்கெனவே மெலிசு. கிருமியைக் கொல்ல வேண்டும், விதையைக் கொல்லக் கூடாது. களைக்கொல்லி அடிக்கிறவனுக்கு இருக்கிற அதே தலைவலி. பிறகு ஆன்டிபயாட்டிக் பசை வைத்து மூடினார். மூன்று மருந்து கலக்கிற பழைய பசையில் மினோசைக்ளின் பல்லைக் கறுக்க வைக்கும் என்பதால் அதை விட்டு இரண்டு மட்டும். மூன்று வாரம் கழித்து வரச் சொன்னார். பத்து நாளிலேயே ஈறுக் கொப்புளம் வற்றிவிட்டது.

அக்டோபரில் உறை பிரிக்கிற நாள். யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதை டாக்டர் முடிவு செய்யக் கூடாது. வரிசை எண் போட்ட, உள்ளே இருப்பது தெரியாத மூடிய உறை. வேறொருவர் வந்து பிரித்தார். ரத்த உறைவு. வெறும் ரத்த உறைவு.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முகம் விழுந்துவிட்டது. குலுக்கலில் ஆறுதல் பரிசு விழுந்த மாதிரி. அடுத்த நாற்காலியில் ஒரு பெண் குழந்தைக்குக் கையில் ரத்தம் எடுத்து, சுழற்றி, டியூபைக் கொண்டுவந்தார்கள். அடியில் சிவப்பு, மேலே வெளிர் மஞ்சள் தண்ணீர், நடுவில் ஊறவைத்த ஜவ்வரிசி மாதிரி ஒரு கட்டி. பளபளவென்று அழகாக இருந்தது. அது என் பையனுக்குக் கிடைக்கவில்லை. ‘கட்டுப்பாட்டுக் கை’ என்றால் என்ன என்று அப்போதுதான் எனக்கு உடம்பில் புரிந்தது. டாக்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “சார், அந்தக் குழந்தைக்கு ஒரு ஊசி அதிகம். அதனால லாபம் உண்டான்னு தெரிஞ்சுக்கத்தான் இவ்வளவும்” என்றார். பையனுக்கோ கொண்டாட்டம். ஊசி ஒன்று குறைந்தது.

அந்த நாளில் போட்ட மரப்பு ஊசியில் அட்ரினலின் கிடையாது. அது ரத்தக் குழாயைச் சுருக்கிவிடும், இங்கே ரத்தம் வர வேண்டும். மெல்லிய அரத்தை வேர் நுனியைத் தாண்டிக் கொஞ்சம் விட்டுக் குத்தினார். வரவில்லை. மறுபடி. வரவில்லை. வியர்த்துவிட்டது அவருக்கு. பேராசிரியர் வந்து பக்கத்தில் நின்றார், கை வைக்கவில்லை. மூன்றாம் முறை வேருக்குள் சிவப்பாக ஏறியது. பதினைந்து நிமிஷம் உறையக் காத்திருந்து, மேலே எம்.டி.ஏ. சிமெண்ட். வீடு கட்டுகிற போர்ட்லேண்ட் சிமெண்டின் சொந்தக்காரன்தான் அது, எக்ஸ்ரேயில் தெரிய பிஸ்மத் ஆக்சைடு கலந்திருப்பார்கள். 1990-களில் அமெரிக்காவில் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் டொராபினெஜாத் என்பவர் கொண்டுவந்தது. ஈரத்திலேயே இறுகும் என்பதுதான் அதன் பெருமை.

கடைசியில் ஒரு எக்ஸ்ரே. அதற்கு முன் மாவு மாதிரி ஒன்றைப் பையனைக் கடிக்கச் சொல்லி அச்சு எடுத்து, அவன் எண்ணைப் போட்டு உறையில் வைத்தார்கள். ஒவ்வொரு தடவையும் அதே அச்சைக் கடித்தால்தான் எக்ஸ்ரே ஒரே கோணத்தில் விழும், வேர் நீண்டதா என்று அளக்க முடியும். ஜெராக்ஸ் கண்ணாடியில் தாளை மூலையில் சேர்த்து வைப்பது போல. படத்தைப் பார்த்து மதிப்பெண் போடுகிறவருக்கு எந்தப் பிள்ளை எந்தக் குழு என்று சொல்ல மாட்டார்களாம். இதெல்லாம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இந்த மாதிரி ஒழுங்கு எந்த ஆபீஸில் இருக்கிறது?

ஜனவரி 2024, மூன்று மாதம்: போனோம், எடுத்தார்கள், வந்தோம். ஏப்ரல், ஆறு மாதம்: கறுப்பு நிழல் பாதியாகச் சுருங்கியிருந்தது. பல்லின் கழுத்தில் மட்டும் லேசான சாம்பல் நிறம். அந்த பிஸ்மத் செய்த வேலை. படிவத்தில் எழுதியிருந்ததுதான், ஆனாலும் படிப்பது வேறு, பார்ப்பது வேறு. பள்ளிக்கூடத்தில் ‘சாம்பல் பல்லன்’ என்கிறார்களாம். பிறகு உள்ளிருந்தே வெளுக்க வைக்கலாம் என்றார்கள், அவசரம் இல்லை.

இனி குறை.

எம்.டி.எஸ். என்கிற பல் மருத்துவ மேல்படிப்பு மூன்று வருஷம். அந்த டாக்டரின் தீசிஸுக்கு ஆறு மாதக் கணக்கு போதும். பல்லுக்குப் போதாது. வேர் வளர்ந்ததா என்று சொல்ல ஒரு வருஷம், இரண்டு வருஷம், அதற்கு மேலும் பார்க்க வேண்டும். அவர் தேர்வு எழுதிக் கிளம்பிவிட்டார். கிளம்பும்போது சொல்லிவிட்டுத்தான் போனார், அடுத்தவர் கூப்பிடுவார் என்று. 2024 அக்டோபரில் யாரும் கூப்பிடவில்லை. படிவத்தில் இருந்த நம்பருக்கு அடித்தேன். உபயோகத்தில் இல்லை. அது அவருடைய சொந்த செல் நம்பர். ஆராய்ச்சிக்கென்று ஒரு நம்பர் வாங்க அந்தக் கல்லூரிக்கு வக்கில்லையா? நேரில் போனோம். புதுப் பையன் ஒருவன் பெயரைக் கேட்டான், அலமாரியைத் திறந்தான், மூடினான். “ஃபைல் இல்லையே அண்ணா, புது ஓ.பி. சீட்டு போடுங்க” என்றான்.

அன்றைக்குக் கடை மூடல், பையனுக்குப் பள்ளி லீவு, ரயில், ஷேர் ஆட்டோ, எல்லாம் வீண். போக்குவரத்துக்கு வருகைக்கு 200 ரூபாய் தருவதாகப் படிவத்தில் இருக்கிறது. ஏழு வருகையில் இரண்டு தடவைதான் கிடைத்தது, அதுவும் கேட்டு வாங்கினேன். பணம் போகட்டும். ஆராய்ச்சிக்குப் பிள்ளையைக் கொடுக்கிறவனிடம் ‘நீங்கள் வராமல் போனால் கணக்குக் கெட்டுப்போகும்’ என்று சொல்லிச் சொல்லிச் சேர்த்துவிட்டு, அவர்களே கணக்கை விட்டுவிட்டால்?

அப்போதுதான் இரண்டாவது நம்பர். நெறிமுறைக் குழு, தரைவழி போன். இரண்டு நாள் மணி அடித்தது, மூன்றாம் நாள் எடுத்தார்கள். நான் கத்தவில்லை. பதிவு எண்ணைச் சொன்னேன், சேர்ந்த தேதியைச் சொன்னேன், 12 மாத வருகை தவறிவிட்டது என்றேன். பதிவு எண் என்ற சொல் வாயிலிருந்து வந்ததும் அந்தப் பக்கம் குரல் மாறியது. மறுநாள் பேராசிரியரே கூப்பிட்டார். நான் கொண்டுபோன உறையில் சம்மதப் படிவம் முதல் சீட்டு வரை எல்லாவற்றின் நகலும் தேதி வரிசையில் இருந்தது, என் தொழில் அப்படி. அதை வாங்கி அவர்கள் தங்கள் ஃபைலைக் கட்டினார்கள். எக்ஸ்ரே எல்லாம் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருந்தது. கடித்த அச்சுதான் கடைசிவரை கிடைக்கவில்லை. புதுசாக எடுத்தார்கள். கோணம் கொஞ்சம் மாறித்தான் விழுந்தது. கணினியில் நேராக்கலாம் என்கிறார்கள், எவ்வளவு நேராகும் என்பது அவர்களுக்கே வெளிச்சம்.

கேட்பவர்களுக்கு நான் சொல்வது: சிகிச்சைக்கு ஐந்துக்கு நாலரை, விளக்கத்துக்கு ஐந்து, தொடர்ந்து பார்ப்பதற்கு ஒன்றரை. தனியாரில் இதே பல்லுக்கு எம்.டி.ஏ., கேப் எல்லாம் சேர்த்து 14,000 சொன்னார்கள். இங்கே ஒரு ரூபாய் வாங்கவில்லை. ஆனால் இலவசம் என்று போகாதீர்கள். ஒன்றரை வருஷம் நடக்கத் தெம்பு இருந்தால் போங்கள். போனால் படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து படியுங்கள், கையெழுத்துப் போட்டதன் நகலை வாங்காமல் வராதீர்கள், பி.ஜி. டாக்டரிடம் “உங்களுக்குப் படிப்பு எப்ப முடியுது?” என்று முதல் நாளே கேளுங்கள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

2025 ஏப்ரலில் 18 மாத வருகை. அலமாரியை மூடின அதே பையன்தான் இப்போது எங்கள் டாக்டர். பேராசிரியரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான் போல, இந்தத் தடவை ஒரு வாரம் முன்னாலேயே அவனே கூப்பிட்டான். கறுப்பு நிழல் போய்விட்டது. சுவர் தடித்திருப்பது என் கண்ணுக்கே தெரிந்தது, நுனியும் குறுகியிருக்கிறது. நீளம் கூடியதா என்று கேட்டேன். “அச்சு மாறினதால உறுதியாச் சொல்ல மாட்டேன் அண்ணா” என்றான். பக்கத்து நாற்காலிப் பெண் குழந்தையை அன்று பார்க்கவில்லை. அவளுக்கு எப்படி என்று கேட்டேன், சொல்ல முடியாது என்றான். சொல்லக் கூடாதுதான்.

கடைசியாக உணர்ச்சி இருக்கிறதா என்று ஒரு சோதனை. குளிர் ஸ்ப்ரே அடித்த பஞ்சைப் பல்லில் வைப்பார்கள், சில்லென்று தெரிந்தால் கை தூக்க வேண்டும். இப்படிச் செய்த பற்களில் சிலவற்றுக்கு உணர்ச்சி திரும்புவது உண்டாம். எங்கள் வீட்டில் காலையிலிருந்தே இதே பேச்சு. என் மனைவி சாமிக்கு முடிந்து வைத்திருந்தாள். பஞ்சு பல்லைத் தொட்டதும் பையன் சடாரென்று கையைத் தூக்கினான். எனக்குத் தொண்டை அடைத்தது.

அந்த இளம் டாக்டர் பஞ்சை எடுத்து என் விரலில் வைத்தான். காய்ந்த பஞ்சு. ஸ்ப்ரேயே அடிக்கவில்லை. பையன் என்னைப் பார்த்தான், நான் கூரையைப் பார்த்தேன். பிறகு ஸ்ப்ரே அடித்த பஞ்சு வைத்தபோது எதுவும் இல்லை. பக்கத்துப் பல்லில் வைத்தபோது துள்ளினான். சீட்டில் ‘குளிர்: பதில் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, அடுத்த தேதியைக் குறித்துக் கொடுத்தான். கீழே வந்ததும் கேட்டேன், ஏன்டா அப்படிப் பண்ணினாய் என்று.

“டாக்டர் அண்ணா பாவம்ப்பா” என்றான்.